அப்பா அம்மா சென்னையில், பிள்ளைகள் வெளியூரில்: தொற்றுக் காலத்தில் பேச்சும் தகவலும் அறுந்துபோகாமல் இருக்க

கேள்வி இதுதான்: அப்பாவுக்கு 79 வயது, அம்மாவுக்கு 73. மேற்கு மாம்பலத்தில் ஒரு பிளாட்டில் இரண்டு பேர் மட்டும். மகன் புனேயில், மகள் வெளிநாட்டில். 2020, 2021 ஊரடங்குகளில் இருவரும் தவித்துப்போனார்கள். மறுபடி அப்படி ஒரு தொற்று வந்தால் இப்போதே என்ன ஏற்பாடு செய்து வைக்கலாம்? நல்ல ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதுமா?

போதாது. ஊரடங்கு அறிவித்த பிறகு கூரியரில் வந்து இறங்கும் புது போன் பெரும்பாலும் பீரோவுக்குள் போய்விடும். பழைய போன் விட்டுப்போய், புதுசும் பழகாமல், இரண்டும்கெட்டான் நிலைமை ஆவதும் உண்டு. கைக்குப் பழகியது பட்டன் போன் என்றால் அதுவே இருக்கட்டும். அதற்கு முன்னால் வேண்டியவை மூன்று. தினமும் தவறாமல் ஒரே நேரத்தில் ஒரு போன். நடந்து ஐந்து நிமிஷத்தில் வந்துவிடக்கூடிய, கையில் மாற்றுச் சாவி உள்ள ஓர் ஆள். வெளியே நடப்பதை வடிகட்டிச் சொல்லக் குடும்பத்தில் ஒரே ஒருவர். கருவிகளைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

தினசரி போனுக்கான நேரத்தை அவர்களுடைய நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலை காபி முடிந்து, குளிக்கப் போவதற்கு முன் 7.30 வாக்கில் பேசுவது பெரும்பாலான வீடுகளுக்குச் சரிப்படும். சாயங்காலம் சீரியல் நேரத்தில் பாதிக் காதுதான் கிடைக்கும். இரவு ஒன்பதுக்கு மேல் பேசினால் பேசிய கவலை தூக்கத்தைக் கெடுக்கும். "முடிஞ்சப்ப கூப்பிடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நாள் முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். மகனும் மகளும் முறை வைத்துக்கொண்டாலும் நேரம் மாறக்கூடாது. நேரம் நிலையாக இருந்தால்தான், போனை எடுக்காத ஒரு நாள் உடனே கண்ணில் படும்.

எடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். 7.30க்கு ஒரு முறை, 7.45க்கு இன்னொரு முறை, 8 மணிக்கு அம்மாவின் போனுக்கும் லேண்ட்லைனுக்கும், 8.15க்குப் பக்கத்து வீட்டுக்கு. 8.30க்கு யாராவது கதவு முன்னால் நின்றிருக்க வேண்டும். முன்கூட்டிப் பேசி வைக்காத வீடுகளில், "தொந்தரவு பண்றோமோ" என்ற தயக்கத்திலேயே மத்தியானம் ஆகிவிடும்.

சாவி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டில் மாற்றுச் சாவி கொடுத்து வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் சென்னைப் பிளாட்டுகளில் பெரியவர்கள் உள்ளே மேல் தாழ்ப்பாளையும் போட்டு, வெளிக் கிரில் கேட்டுக்கும் உள்பக்கமாகப் பூட்டு மாட்டிவிட்டுத்தான் படுப்பார்கள். அப்போது வெளியில் நிற்பவர் கையில் சாவி இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. வெளியிலிருந்து சாவியால் திறக்கும் நைட் லாட்ச் ஒன்று போதும், தாழ்ப்பாள் வேண்டாம். கிரில்லுக்கு இரண்டு பக்கமும் சாவி போடக்கூடிய பூட்டாக மாற்றுங்கள். பாத்ரூம் கதவையும் தாழ் போடாமல் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து, போனில் என்ன கேட்பது. "சாப்டாச்சா, நல்லா இருக்கீங்களா" என்றால் "ம், இருக்கோம்" என்றுதான் வரும். பிள்ளையைக் கவலைப்படுத்தக்கூடாது என்பது அந்தத் தலைமுறையின் முதல் விதி. ஆகவே பதில் எண்ணாகவோ பொருளாகவோ வரும்படி கேளுங்கள். "இன்னிக்கு என்ன குழம்பு?" "பிரஷர் மாத்திரை அட்டையில எத்தனை மிச்சம் இருக்கும்மா?" "நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க?" மூன்று நாள் தொடர்ந்து "மோர் சாதம்தாண்டா" என்று பதில் வந்தால் காய்கறி வரவில்லை, அல்லது அம்மாவால் அடுப்படியில் நிற்க முடியவில்லை, அல்லது வாசனையும் ருசியும் போய்விட்டன. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே விசாரிக்க வேண்டியது.

வயதானவர்களுக்குத் தொற்று வரும்போது காய்ச்சல் அடிக்காமலேயே போகலாம். புதிதாக ஒரு குழப்பம், பகலெல்லாம் தூக்கம், சாப்பாடு வேண்டாம் என்பது, காரணமில்லாமல் தடுமாறி விழுவது, இவைதான் முதல் அறிகுறியாக இருக்கும். போனில் நீங்கள் கேட்டே கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றும் உண்டு: வழக்கமாக ஒரே மூச்சில் பேசுபவர் நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினால், அதற்குப் பிறகு பேச்சை வளர்க்காமல் ஆக்சிஜன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 2020ல் தொற்று வந்த வீட்டு வாசலில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியதும், தெருவைத் தகரம் வைத்து அடைத்ததும் பெரியவர்கள் மனதில் இன்னும் அப்படியே இருக்கிறது. "தகரம் அடிச்சிடுவாங்க" என்ற பயத்தில் இருமலை மறைப்பவர்கள் இருப்பார்கள். உடம்பைப் பற்றி உண்மை சொன்னால் திட்டு விழாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக்ஸிமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் போன் வழியாக அதிகக் குழப்பம் வருவது இதில்தான். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில் மாட்ட வேண்டும். மாட்டியதும் தெரியும் எண்ணை நம்பக்கூடாது. அரை நிமிஷமாவது பொறுத்து, எண் நிலைத்த பிறகு படிக்க வேண்டும். திரையில் இரண்டு எண் வரும்: ஒன்று ஆக்சிஜன், இன்னொன்று நாடித்துடிப்பு. நாடி 76 என்பதை ஆக்சிஜன் என்று படித்து வீட்டையே கலக்கிவிடுவதும், ஆக்சிஜன் 88 ஆக இருக்கும்போது நாடி 96ஐச் சொல்லி நிம்மதியாக இருப்பதும் சகஜம். ஆக்சிஜன் எண் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

இதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. கட்டம் கட்டமான எழுத்தில் எண் காட்டும் சாதாரணக் கருவியைத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்பது 86 ஆகத் தெரியும். 86 என்பது 98 ஆகத் தெரியும். எதிரில் உட்கார்ந்து அப்பாவின் விரலைப் பார்க்கும் அம்மா எந்தப் பக்கத்திலிருந்து படிக்கிறார் என்பது அவ்வளவு முக்கியம். கருவியின் ஒரு ஓரத்தில் "மேல்" என்று எழுதி வையுங்கள். இப்போது உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டால் வழக்கமான அளவு தெரியும். நுரையீரல் தொல்லை உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருக்கலாம். மற்றபடி 94க்குக் கீழே இறங்கினால் அன்றைக்கே டாக்டர், 90க்குக் கீழே என்றால் 108.

இப்போது போன். தொடுதிரைப் போனில் அழைப்பு வரும்போது என்ன நடக்கிறது என்று ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பச்சை வட்டத்தைத் தள்ள வேண்டும்; பெரியவர்கள் அதை அழுத்துவார்கள். எடுக்காது. இன்னும் பலமாக, இன்னும் நேரம் எடுத்து அழுத்துவார்கள். அதற்குள் மணி நின்றுவிடும். தள்ளத் தெரிந்தவர்களுக்கும் விரல் கைகொடுக்காது. வயதானால் விரல் நுனித் தோல் காய்ந்துபோகும். தொடுதிரை வேலை செய்வது விரலில் உள்ள மின்கடத்தும் தன்மையை வைத்து, காய்ந்த தோலை அது சரியாக உணராது. மேலே தடிமனான டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். போன் பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்து, விரலை அதில் ஒற்றிவிட்டு, நகம் படாமல் விரலின் சதையால் தள்ளச் சொல்லுங்கள். சாம்சங் போன்கள் பலவற்றில், ஒரு முறை தட்டினாலே எடுக்கும்படியும், ஒலி கூட்டும் பட்டனை அழுத்தி எடுக்கும்படியும் அமைப்பில் மாற்றலாம். அது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

எழுத்தைப் பெரிதாக்குவது எல்லோரும் செய்வதுதான். திரை அணையும் நேரத்தை இரண்டு நிமிஷமாக ஏற்றுவதுதான் மறந்துபோகும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் திரை இருண்டால் "போன் செத்துப்போச்சு" என்று வைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். குட்மார்னிங் படங்களால்தான் போன் நிரம்பி நின்றுபோகிறது. உங்கள் பெயரில் உள்ள உரையாடலை முகப்புத் திரையில் தனிப் படமாக வைத்துவிட்டால் தேட வேண்டியதில்லை. தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள், குரல் பதிவு போதும். ஆனால் மைக்கை அழுத்திப் பிடித்தபடியே பேச வேண்டும் என்பதில் விரல் நழுவி, "டேய் நான்..." என்பதோடு அறுந்த பதிவுகளாக வரும். அழுத்தி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். அதைப் பத்து முறை பழக்கினால் கைக்கு வந்துவிடும்.

பட்டன் போன் என்றால் 2ஆம் பட்டனை அழுத்திப் பிடித்தால் மகன், 3ஐப் பிடித்தால் மகள் என்று வையுங்கள். 5, 9 இரண்டையும் தொடாதீர்கள். பல பட்டன் போன்களில் அவற்றை நீளமாக அழுத்தினால் அவசர எண் 112க்குப் போய்விடும். 2020ல் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் இருமல் சத்தத்தோடு கொரோனா அறிவிப்பு ஓடியது நினைவிருக்கும். தவறான எண் என்று நினைத்தே பல பெரியவர்கள் துண்டித்தார்கள். அடுத்த முறையும் அப்படி ஏதாவது வரும், அறிவிப்பு முடியும்வரை பொறுக்கச் சொல்லி வையுங்கள். அதைவிட நல்லது, அவர்கள் மிஸ்டு கால் கொடுப்பதும் நீங்கள் திரும்பக் கூப்பிடுவதும்.

ரீசார்ஜ் 28 நாள் பேக்காக இருந்தால் 84 நாள் அல்லது ஒரு வருஷப் பேக்குக்கு மாற்றுங்கள். வேலிடிட்டி முடிந்து சில நாளில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும், அது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இருவர் போனும் வேறு வேறு நிறுவனச் சிம்மாக இருக்கட்டும். லேண்ட்லைன் இருக்கிறதே என்று நம்புவதாக இருந்தால் அது எந்த வகை என்று பாருங்கள். பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபராக மாறிய வீடுகளில் மோடம் அணைந்தால் போனும் அணையும். மோடத்துக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போட்டுவிட்டால் சில மணி நேரம் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய் மக்கள் தவித்தார்கள். தொற்றும் மழையும் சேர்ந்து வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

காது கொஞ்சம் மந்தமானவர்களிடம் சத்தம் போட்டுப் பேசாதீர்கள். முதுமையில் முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். குரல் கேட்கும், ஆனால் ச, த, ப எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கும்; கத்தினால் சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது. ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள், அதே சொல்லைத் திரும்பச் சொல்வதைவிட வேறு சொல்லில் சொல்லுங்கள். வீடியோவில் பேசினால் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார்கள். அதற்கு வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும்; ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இருந்தால் அவர்களுக்குத் தெரிவது ஒரு கறுப்பு நிழல். எட்டுப் பேர் ஒன்றாகப் பேசும் குடும்பக் கூட்டுக் கால் நமக்குத்தான் சந்தோஷம். அவர்களுக்கு ஒரே இரைச்சல். ஒரு நேரத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

தகவல் என்று வந்தால், அவர்களுக்கு அதிகம் தெரிவதுதான் பிரச்சினை. 24 மணி நேரச் சேனலில் கீழே ஓடும் எழுத்தில் எல்லா மாவட்டத்து விதியும் கலந்து வரும். 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் அதைச் சுற்றிய மூன்று மாவட்டங்களின் பகுதிகளிலும் மட்டும் கடும் ஊரடங்கு. 2021 மே 24 முதல் மாநிலம் முழுக்கத் தளர்வில்லாத ஊரடங்கு, காய்கறி வண்டியில் வீதிக்கு வந்தது. இந்த வேறுபாடுகளை 79 வயதில் டிவியைப் பார்த்துப் பிரித்தறிவது கஷ்டம். அவர்களுக்கு வேண்டியது தங்கள் தெருவின் செய்தி. தினமும் காலையில் நாற்பது நொடிக் குரல் பதிவு ஒன்று, ஒரே ஆள் அனுப்பட்டும்: "அப்பா, இன்னிக்கு வியாழக்கிழமை. பால் எப்பவும்போல வரும். காய்கறி வண்டி பத்து மணிக்கு நம்ம தெருவுக்கு வருது, பையைக் கயித்துல கட்டி இறக்குங்க. மருந்து சனிக்கிழமை வீட்டுக்கே வரும், நீங்க இறங்க வேண்டாம். புது விதி எதுவும் இல்ல." கிழமையைச் சொல்வது அவசியம், வீட்டுக்குள்ளேயே இருந்தால் நாள் குழம்பிவிடும். திரும்பத் திரும்பக் கேட்க முடியும் என்பது குரல் பதிவின் பெரிய வசதி.

பேப்பரை நிறுத்தாதீர்கள். 2020ல் காகிதத்தில் வைரஸ் வரும் என்று பயந்து பல வீடுகளில் நிறுத்தினார்கள். கொரோனா முக்கியமாகக் காற்று வழியே பரவுவது என்பது பின்னால் தெளிவானது. அடுத்த தொற்று எப்படிப் பரவும் என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம், ஆனால் அறுபது வருஷமாகக் காலையில் பேப்பர் படித்தவருக்கு அது நின்றால் நாளே கோணலாகும். ரேடியோவும் நல்லது, ஆகாசவாணிச் செய்தி ஆரம்பித்து முடிந்துவிடும், சேனல்போல இழுத்துக்கொண்டு போகாது.

வாட்ஸ்அப் வதந்தியில் மஞ்சள், வெந்நீர் வகையறாக்களை விட்டுவிடலாம். கபசுரக் குடிநீர் குடித்தால் குடிக்கட்டும், டாக்டரிடம் சொன்னால் போதும். சண்டை போட வேண்டியது, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தச் சொல்லும் செய்தியோடு. 2020 மார்ச்சில் ஒரு வகை ரத்த அழுத்த மாத்திரை கொரோனாவை மோசமாக்கும் என்று பேச்சு பரவியது. இதய மருத்துவச் சங்கங்கள் "நிறுத்த வேண்டாம்" என்று உடனே அறிவித்தன, ஆனால் மறுப்பு எப்போதும் வதந்திக்குப் பின்னால்தான் ஓடும். "டாக்டர் கிட்ட கேக்காம எந்த மாத்திரையையும் நிறுத்த மாட்டேன்" என்று இருவரிடமும் வாக்கு வாங்கி வையுங்கள். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது, அதை உங்களுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் போனில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். தவறான செய்தியை அப்பா அனுப்பினால் குடும்பக் குரூப்பில் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். அன்றோடு அவர் உங்களிடம் கேட்பதை நிறுத்திவிடுவார்.

மோசடிக்காரர்களும் தொற்றுக் காலத்தில் சுறுசுறுப்பாக இருப்பார்கள். 2022 தொடக்கத்தில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல் தவணைத் தடுப்பூசி வந்தபோது, பதிவு செய்து தருகிறேன் என்று கூப்பிட்டு ஓடிபி கேட்டார்கள். ஓடிபி கேட்டால் அது நம் வீட்டுக்கான போன் இல்லை, வைத்துவிடலாம், மரியாதைக் குறைவு ஆகாது என்று சொல்லி வையுங்கள். போனைப் பட்டென்று வைக்கத் தயங்கும் நாகரிகத்தைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். பணம் போனால் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

இந்த எண்களையெல்லாம் போனுக்குள் வைத்தால் மட்டும் போதாது. வெள்ளை சார்ட் தாளில் கறுப்பு மார்க்கரால், கட்டைவிரல் அகல எழுத்தில் எழுதி, படுக்கையிலிருந்தே தெரியும் சுவரில் ஒட்டுங்கள். பத்து இலக்கங்களை ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள். ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனை 104, மாநகராட்சி 1913, முதியோர் உதவி 14567, மனக்கலக்கத்துக்கு 14416. அதற்கு மேலே உங்கள் எண், சாவி வைத்திருப்பவர் எண், வழக்கமான டாக்டர், மருந்துக்கடை. தாளின் அடியில் அவர்களுடைய சொந்த முகவரியும் அருகில் உள்ள அடையாளமும் இருக்க வேண்டும். பதற்றத்தில் 108இல் பேசும்போது சொந்தத் தெருப் பெயரே வாயில் வராது.

பேச விஷயம் இல்லாமல் போவதுதான் நீண்ட ஊரடங்கில் வரும் அடுத்த சிக்கல். நலம் விசாரித்துக்கொண்டே இருந்தால் நோயாளி போல உணர்வார்கள். அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். பேத்திக்கு வாரம் மூன்று நாள் அப்பா கணக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். வத்தக்குழம்பு வைக்கும்போது அம்மா வீடியோவில் நின்று "புளி பத்தாது, இன்னும் கொதிக்கட்டும்" என்று சொல்லட்டும். நீங்கள் கூப்பிட மறந்தால் அவர்களே கூப்பிடுவார்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது: ஐந்து நிமிஷம், அதே நேரம், அதே முகம், செய்தி எதுவும் வேண்டாம்.

பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும், வீட்டுக்கே ஒரு போன்தான் என்று இருப்பவர்களுக்கும் பிளாட் அசோசியேஷனோ தெருக்காரர்களோதான் துணை. ஒரு மாடிக்கு ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு, வயதானவர் வீட்டுக் கதவை மாஸ்க் போட்டபடி தினம் இரண்டு முறை தட்டி, தள்ளி நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனால் போதும். பால் பாக்கெட் பத்து மணிக்கும் வாசலிலேயே கிடந்தால் உடனே மேலே வந்து சொல்ல வேண்டும் என்று வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். நீங்கள் தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டு, அப்பாவைப் போனை எடுக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் சாவியைத் தேடி எடுத்து, கிரில்லைத் திறந்து, கட்டில் அருகே வந்து நிற்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் சாவி இருக்கும் இடத்தை மாற்றுங்கள்.